பாலாறு பதினேழு

உக்காருங்க மேடம், தாராளமா உக்காருங்க. உங்க ஆப்ல பாலாறு பதினேழுன்னுதானே போட்டிருக்கு? அப்ப இதுதான். எதுக்குத் தயங்குறீங்க, நாற்காலியில ஸ்வெட்டர் மாட்டியிருக்கேன்னா? அது ஒண்ணும் இல்ல, எடுத்துடறேன். பழக்கம். காலையில வந்ததும் என் பையை பதினெட்டுல வைப்பேன், ஸ்வெட்டரை பதினேழுல மாட்டுவேன். கை தானா செஞ்சுடுது.

முதல்ல அந்த ஸ்டிக்கரை ஸ்கேன் பண்ணிடுங்க. மேஜை ஓரத்துல கட்டம் கட்டமா இருக்கு பாருங்க, அதான். ஒன்பதே முக்காலுக்குள்ள பண்ணணும். ஒரு நிமிஷம் தாண்டினாலும் சீட்டைப் பிடுங்கி வேற ஆளுக்குக் குடுத்துடும். அப்புறம் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு மாடி மாடியா அலையணும். பண்ணிட்டீங்களா? பச்சை வந்துச்சா? பச்சை வந்தா நீங்க ஆபீஸ்ல இருக்கீங்க. வராட்டி இல்ல. அவ்வளவுதான்.

கோயம்புத்தூர் பிராஞ்சா? அங்க இன்னும் அவங்கவங்களுக்குன்னு சீட்டு இருக்கும், இல்லையா? இங்கயும் இருந்துச்சு. என் மேஜையில பிள்ளையார் படம், ஒரு காலண்டர், கால் வைக்க ஒரு மரப்பலகைன்னு எல்லாம் வெச்சிருந்தேன். ரெண்டு வருஷம் முன்னாடி, வாரத்துல மூணு நாள்தானே வர்றீங்க, எதுக்கு ஆளுக்கொரு நாற்காலின்னாங்க. பாதி சீட்டை எடுத்துட்டாங்க. மிச்சத்துக்கு முதல் நாள் சாயந்திரம் நாலு மணிக்கு புக்கிங் திறக்கும். தட்கல் டிக்கெட் மாதிரி எல்லாரும் போனைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. நாலு ஒண்ணுக்கு ஜன்னல் பக்கம் எல்லாம் போயிடும்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆத்துப் பேரு வெச்சாங்க. காவேரி ஜன்னல் பக்கம், அதுக்குத்தான் அடிதடி. தாமிரபரணி கேண்டீன் பக்கம். இது பாலாறு. பேருக்கு ஏத்த மாதிரி இங்க ஏசி காத்து வராது. என்னைக்காவது திடீர்னு வந்துச்சுன்னா ஒரேயடியா கொட்டும், குளிர் தாங்காது. அதுக்குத்தான் இந்த ஸ்வெட்டர். என்னோடது இல்ல. சற்குணத்தோடது. அவன் சம்சாரம் வேதவல்லி வாங்கிக் குடுத்தது. மூணாவது பட்டன் பாருங்க, ஊதாவா இருக்கு. அசல் பட்டன் விழுந்துடுச்சுன்னு பொண்ணோட பழைய யூனிஃபார்ம்ல இருந்து வெட்டி, அவங்களே தெச்சது. ஆபீஸ்ல எல்லாரும் கிண்டல் பண்ணுவோம், எந்த ஸ்கூல்டா நீன்னு.

சற்குணமும் நானும் ஒரே நாள்ல வேலைக்குச் சேர்ந்தவங்க. பதினாறு வருஷம். மெடிக்கல் க்ளெய்ம். ஆஸ்பத்திரி பேப்பரைப் படிச்சுப் படிச்சு, டாக்டர் கையெழுத்தை டாக்டரைவிட நாங்க நல்லாப் படிப்போம். பாலாறுக்கு யாரும் போட்டிக்கு வர மாட்டாங்கன்னு அவன் பதினேழு, நான் பதினெட்டுன்னு தினம் புக் பண்ணிடுவோம். ரெண்டு வருஷமா இதுதான் எங்க இடம். எங்க இடம்னு சொல்லக் கூடாது. ஆனா அப்படித்தான்.

இந்தப் பழைய போனைப் பாருங்க. திரை உடைஞ்சது. இதுல அவன் லாகின் போட்டு வெச்சிருந்தேன். என்னோடது அவன்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. ஆபீஸ் வைஃபைல இருந்தாத்தான் ஸ்கேன் ஆகும், வீட்டுல இருந்து பண்ண முடியாது. அதனால யார் முதல்ல வர்றமோ, அவங்க இன்னொருத்தனுக்கும் சேர்த்துப் போட்டுடறது. காலேஜ்ல ப்ராக்ஸி குடுப்போமே, அதே மாதிரி. நாங்க மட்டும் இல்ல மேடம், பாலாறு பூரா இப்படித்தான். காவேரியிலயும்தான், கேட்டா ஒத்துக்க மாட்டாங்க. போட்டுட்டு, நாற்காலியில ஸ்வெட்டரை மாட்டிட்டா, ஆள் டீ குடிக்கப் போயிருக்கார்னு அர்த்தம். நான் இல்லாத நாள்ல அவன் என் குடையை என் நாற்காலியில மாட்டுவான்.

இது ஒரு உதவி, அவ்வளவுதான். யாருக்கும் இதனால நஷ்டம் இல்ல.

என் போன் அடிச்சா அடிக்கட்டும் மேடம். காலையில இருந்து அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. கவுத்து வெச்சுடறேன்.

ஜூலை மாசம். புதன்கிழமை. ஒன்பது நாப்பது வரைக்கும் பார்த்தேன், ஆள் வரல. ஒன்பது நாப்பத்தொண்ணுக்குப் போட்டேன். பச்சை வந்துச்சு. ஸ்வெட்டரை மாட்டினேன். நாப்பத்திரண்டுக்கு அவனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன், ‘போட்டுட்டேன்’னு. ஒரே வார்த்தை. தினம் அனுப்புறதுதான், படிச்சதும் அவன் அழிச்சுடுவான். அப்புறம் என் வேலையைப் பார்த்தேன். அன்னைக்கு அம்பத்தாறு ஃபைல் முடிச்சேன்.

மத்தியானம் ஆயும் வரல. சரி, லீவு போட்டுட்டான் போல, நல்லவேளை நாம போட்டுட்டோம்னு நினைச்சேன். சந்தோஷமாக்கூட இருந்துச்சு. அன்னைக்கு லெமன் ரைஸ்.

அவன் வரவே இல்ல மேடம். காலையில எட்டரைக்குத் தலை வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே பைக்கை எடுத்திருக்கான். மேடவாக்கத்துல இருந்து வரணும். பெரும்பாக்கம் சிக்னல்ல எப்பவும் கூட்டம்னு ஏரி ஓரமா ஒரு சந்துல புகுந்து வருவான். அந்தச் சந்துல பைக்கை நிறுத்திட்டு, ஒரு அபார்ட்மென்ட் காம்பவுண்ட் சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டான். ஹெல்மெட்கூடக் கழட்டல. போறவங்க வர்றவங்க எல்லாம், எவனோ காலையிலேயே குடிச்சிட்டு உக்காந்திருக்கான்னு போயிட்டாங்க. மூளையில ரத்தக்குழாய் அடைப்பு. வலது பக்கம் பூரா போயிடுச்சு. பேச்சும் போயிடுச்சு.

வேதவல்லி ஸ்கூல்ல டீச்சர். போனை உள்ள கொண்டு போக விட மாட்டாங்க, ஆபீஸ் ரூம்ல குடுத்துடணும். பத்தரைக்கு இடைவேளையில மட்டும் எடுத்துப் பேசலாம். தலை வலிக்குதுன்னாரேன்னு பத்தரைக்கு அவனுக்குப் போன் பண்ணியிருக்காங்க. எடுக்கல. இங்க ரிசப்ஷனுக்குப் பண்ணியிருக்காங்க. ஹேமலதா ஸ்க்ரீனைப் பார்த்துட்டு, ‘சார் வந்துட்டார் மேடம், பாலாறு பதினேழு, ஒன்பது நாப்பத்தொண்ணுக்கு செக்-இன் பண்ணியிருக்கார், மீட்டிங்ல இருப்பார்’னு சொல்லியிருக்கு. சரின்னு அவங்க கிளாஸுக்குப் போயிட்டாங்க. அப்புறம் ஸ்கூல் விட்டு நாலு மணிக்குத்தான் திரும்பப் பண்ணினாங்க. அந்தச் சந்துல ஒரு இளநீர்க்காரர் மத்தியானத்துக்கு மேல வண்டி போடுவார். அவர்தான் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்து, போனை எடுத்துப் பேசினார்.

அந்த அடைப்பைக் கரைக்க ஒரு ஊசி இருக்கு. நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். எனக்கு மனப்பாடம், எத்தனை ஃபைல்ல படிச்சிருக்கேன். எட்டே முக்கால், எட்டு அம்பதுக்கு அவன் அந்தச் சந்துக்கு வந்திருப்பான். அங்கேருந்து நாலரை மணி நேரம்னா ஒண்ணு இருபது. பத்தரைக்குத் தேட ஆரம்பிச்சிருந்தா எவ்வளவோ நேரம் இருந்துச்சுன்னு சொல்லலாம். சொல்லலாம்தான். தேடினா கிடைச்சிருப்பானான்னு யாருக்குத் தெரியும்? சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கீழ கேட்ல கார்டு தேய்க்கறது இல்லையான்னா கேட்கறீங்க? அந்த மிஷின் ஒன்றரை வருஷமாத் திறந்தேதான் கிடக்கு. செக்யூரிட்டி நம்ம கழுத்துல டேக் தொங்குதான்னு பார்ப்பார். தொங்கினா சல்யூட். கேமரா பதிவு பதினஞ்சு நாளுக்கு மேல நிக்காது, விசாரிக்கறதுக்குள்ள அழிஞ்சுடுச்சு. ஹெச்ஆர்ல விசாரிச்சாங்க. ரெக்கார்டைப் பார்த்தாங்க. ஒன்பது நாப்பத்தொண்ணு இருக்கு. உள்ள வந்திருக்கார், அப்புறம் வெளிய போயிருக்கார், வெளியில நடந்ததுக்கு நாம என்ன பண்ண முடியும்னு ஃபைலை மூடிட்டாங்க. என்னை யாரும் ஒண்ணும் கேட்கல. பக்கத்து சீட்டுன்னு தெரியும். கேட்கல.

இல்ல, கேட்டாங்க. ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். அன்னைக்குப் பத்தரைக்கு ஹேமலதா எனக்கும் போன் பண்ணிச்சு. லைன்ல ஒருத்தரை நிறுத்தி வெச்சுக்கிட்டு, ‘சார், சற்குணம் சார் சீட்டுல இருக்காரா’ன்னு. நான், ‘இங்கதான் இருந்தார்மா, இப்பதான் எழுந்து போனார்’னு சொன்னேன். அது நாங்க வழக்கமாச் சொல்றது. யார் கேட்டாலும் அதான். மேனேஜர் கேட்டாலும் அதான். யாரு கேட்கறாங்கன்னு நான் கேட்கல. அதுவும் சொல்லல. ஒரு கையில மவுஸைப் பிடிச்சுக்கிட்டே சொன்னேன்.

எனக்கு ஒண்ணும் ஆகல மேடம். எல்லாரும் கேட்பாங்க, ரொம்ப பாதிச்சிருக்கும் இல்ல சார்னு. வேளாவேளைக்குச் சாப்பிடறேன். படுத்தாத் தூங்கிடறேன். எங்க வீட்டுலகூட, என்ன மனுஷன் நீங்க, கூடப் பொறந்தவன் மாதிரி இருந்தவருக்கு இப்படி ஆச்சு, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லன்னாங்க. என்ன பண்றது, வரல. வந்தா அழ மாட்டேனா?

ஒரு தடவை போய்ப் பார்த்தேன். ஆகஸ்ட் கடைசியில. ஆப்பிள் வாங்கிட்டுப் போனேன். அவனால மெல்ல முடியாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. கட்டில்ல சாய்ச்சு உக்கார வெச்சிருந்தாங்க. ஒரு வார்த்தை வரல. எழுதவும் வரல. ஆமா, இல்லன்னு தலையாட்டறதுகூட மாறி மாறித்தான் ஆட்டுறான், நம்ப முடியாதாம். என்னைப் பார்த்ததும் கண்ல தண்ணி வந்துச்சு. அது அந்த வியாதியில எல்லாருக்கும் வருமாம்.

வேதவல்லி காபி குடுத்துட்டு எதிர்ல உக்காந்தாங்க. ‘அண்ணா, உங்களை ஒண்ணு கேட்கணும். அன்னைக்கு அவர் எத்தனை மணிக்கு எழுந்து போனாரு? எங்க போறேன்னு சொல்லிட்டுப் போனாரு?’ன்னாங்க.

அப்பதான் எனக்குப் புரிஞ்சுது, அந்தம்மா மனசுல என்ன ஓடுதுன்னு. ஆபீஸுக்கு வந்த மனுஷன், பெரும்பாக்கத்துல ஏதோ ஒரு சந்துக்கு எதுக்குத் திரும்பிப் போனார்? அங்க யார் இருக்காங்க? சிக்னலுக்குப் பயந்து அந்தச் சந்துல புகுந்து வர்றவன்னு அவங்களுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். அந்தம்மா அவன் போட்டோவைப் போன்ல எடுத்துக்கிட்டு அந்த அபார்ட்மென்ட்ல வீடு வீடாப் போயிருக்காங்க. முப்பத்திரண்டு வீடு. கதவைத் தட்டி, ‘இவரு இங்க யார் வீட்டுக்கு வருவாரு’ன்னு கேட்டிருக்காங்க. ஒரு டீச்சர். ஒரு வீட்டுல மூஞ்சியிலேயே கதவைச் சாத்திட்டாங்களாம். அதைச் சொல்லும்போதும் அவங்க அழல. என்னை மாதிரிதான்.

‘டீ குடிச்சிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனான்மா’ன்னேன். வாயில அதுதான் வந்துச்சு. ‘எந்தக் கடை அண்ணா?’ன்னாங்க. ‘சொல்லலம்மா’ன்னேன்.

அப்ப கட்டில்ல இருந்து சத்தம். சற்குணம் இடது கையால கட்டில் கம்பியை அடிக்கறான். டம் டம் டம்னு. என்னையே பார்த்துக்கிட்டு அடிக்கறான். வாய் கோணிக்கிட்டு ஏதோ வருது, வார்த்தையா வரல. அந்தம்மா திரும்பி அவனைப் பார்த்தாங்க பாருங்க, ஒரு பார்வை. ‘இந்தப் பேச்சு எடுத்தாலே இப்படித்தான் அண்ணா பண்றாரு. குத்தம் இருக்கறதாலதானே?’ன்னாங்க. அவங்க பொண்ணு, ப்ளஸ் டூ படிக்குது, உள் ரூம்ல இருந்து எட்டிப் பார்த்துட்டு, அப்பா பக்கம் வராம அப்படியே உள்ள போயிடுச்சு.

நான் காபியைக் குடிச்சு முடிச்சேன். சக்கரை கம்மி. கிளம்பிட்டேன்.

என்ன மேடம், ஸ்கேன் பண்ணினது நான்தான்னு சொல்லியிருக்கலாமேன்னு பார்க்கறீங்களா? சொல்லலாம். தினம் காலையில பஸ்ல வரும்போது சொல்லலாம்னுதான் நினைக்கறேன். இங்க வந்து ஸ்கேன் பண்ணினதும் மறந்துடுது. சொன்னா வேலை போயிடும்னு ஒரு பக்கம். அது பெரிசு இல்ல, நான் யோசிச்சுட்டேன். சொன்னா, அந்தப் பத்தரை மணியையும் சேர்த்துச் சொல்லணும். எழுந்து போனார்னு சொன்னதைச் சொல்லணும். அதுதான். அவன் சீட்டைக் காப்பாத்தத்தானே போட்டேன்? கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்லையே? சிஸ்டத்தை இப்படி வெச்சது யாரு? ஒன்பதே முக்காலுக்கு ஏன் பிடுங்கணும்? பத்து மணி வரைக்கும் விட்டா என்ன? இதை நான் ஃபீட்பேக் ஃபார்ம்லகூட எழுதினேன். மூணு தடவை.

அவன் போனோட லாக் நம்பர் அவங்களுக்குத் தெரியாது. நாலு மாசம் மூடியே இருந்துச்சு. போன வாரம் பொண்ணு ஏதோ நம்பர் போட்டுத் திறந்துடுச்சுன்னு எங்க வீட்டுல கேள்விப்பட்டு வந்து சொன்னாங்க. அதோட பொறந்த நாள்தானாம், நம்பர். உள்ள ஒண்ணும் இல்ல. எந்தப் பொம்பளையும் இல்ல. நான் அன்னைக்கு அனுப்பினது மட்டும் இருந்திருக்கு. அதை நான் அன்னைக்கு ராத்திரியே அழிச்சுட்டேன். ஆனா அழிச்சாலும், இன்னார் அனுப்பின மெசேஜ் நீக்கப்பட்டதுன்னு ஒரு வரி நிக்குது பாருங்க, நேரத்தோட. திங்கக்கிழமை வேதவல்லி எனக்கு எழுதினாங்க. இதோ, படிக்கறேன். ‘அண்ணா, அன்னைக்கு 9.42க்கு அவருக்கு ஒரு மெசேஜ் அனுப்பி அழிச்சிருக்கீங்க. பக்கத்து சீட்டுல உக்காந்திருந்தவருக்கு எதுக்கு மெசேஜ்?’

அவ்வளவுதான் எழுதியிருந்தாங்க. நான் பதில் போடல. இன்னைக்குக் காலையில இருந்து போன் பண்றாங்க.

பாருங்க, திரும்ப அடிக்குது. இல்ல, இது மெசேஜ். ஹேமலதா. ‘சார், வேதவல்லி மேடம் கீழ வந்திருக்காங்க. நீங்க போன் எடுக்கல. சீட்டுல இருக்கீங்கன்னு ஸ்க்ரீன்ல இருக்கு, சொல்லிட்டேன். மேல வந்துக்கிட்டிருக்காங்க.’

என்னை ஒரு வார்த்தை கேட்காம சொல்லிடுச்சு பாருங்க.

மேடம், ஒரு சின்ன உதவி. பெரிசா ஒண்ணும் இல்ல. நான் அப்படியே பின்பக்கப் படியில கேண்டீனுக்கு இறங்கறேன். அவங்க வந்து கேட்டா, கோதண்டம் சார் இங்கதான் இருந்தார், இப்பதான் எழுந்து போனார்னு சொல்லுங்க. நீங்களும் பொம்பளை, உங்ககிட்ட அதிகமாக் கேட்க மாட்டாங்க. என் பை இருக்கட்டும். ஸ்வெட்டரை என் நாற்காலியிலேயே மாட்டிடறேன், ஆள் இருக்கற மாதிரி இருக்கும். இப்படி, பட்டன் வெளிய தெரியற மாதிரி மாட்டினாத்தான் நிக்கும், வழுக்காது.

பயமா இருக்கு மேடம். உங்ககிட்டதான் சொல்றேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் ஏதோ ஒண்ணு வருது, அது பயமா வருது.

லிஃப்ட் சத்தம் கேட்குது. சொல்லிடுவீங்க இல்ல? ஒண்ணும் கஷ்டம் இல்ல, ஒரு தடவை சொல்லிட்டா தானா வரும். என்ன? ஸ்க்ரீன்ல நான் இருக்கேன்னு காட்டுதேன்னா? காட்டட்டும் மேடம். அன்னைக்கு அவனையும்தான் காட்டுச்சு.